ஜூம் லென்ஸ் ஏன் நடுவில் குட்டையாகிறது?

“கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் கையில் இருக்கிறது. தூரத்துக் காட்சிகளுக்கு இன்னொரு ஜூம் வேண்டும். ஒருவர் 55-250 வாங்கு என்கிறார், இன்னொருவர் 70-300 என்கிறார், மூன்றாமவர் எல்லாவற்றுக்கும் ஒரே 18-200 போதும் என்கிறார். பட்ஜெட் குறைவு. எதில் எக்ஸ் அதிகமோ அதையே வாங்கிவிடலாமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்.

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். 18-55 என்றால் லென்ஸின் குவியத் தொலைவு 18 மி.மீ.யிலிருந்து 55 மி.மீ. வரை மாறும் என்று பொருள்; எண் பெரிதானால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும். பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தால் வருவதுதான் எக்ஸ். அந்தக் கணக்கில் 18-200 பதினோரு எக்ஸ், 70-300 நாலு எக்ஸுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் மரக்கிளைப் பறவையைப் பெரிதாகக் காட்டப்போவது 70-300தான். எக்ஸைப் பார்த்து லென்ஸ் வாங்குவது நவீன மூடநம்பிக்கைகளில் ஒன்று. விளம்பரங்கள் அதற்குத் தினமும் தூபம் போடுகின்றன.

மற்றதைப் பேசுமுன் உங்கள் 18-55ஐ எடுத்துப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். ஜூம் வளையத்தை 18இலிருந்து மெதுவாகத் திருப்புங்கள். முன்பக்கக் குழாய் வெளியே நீளும் என்றுதானே எதிர்பார்ப்போம்? பெரும்பாலான 18-55 லென்ஸ்களில் அது முதலில் உள்ளே போகும். 30, 35ஐ ஒட்டி லென்ஸ் மிகக் குட்டையாக இருக்கும். அதைத் தாண்டித் திருப்பினால் மறுபடி வெளியே வரத் தொடங்கி, 55இல் ஏறக்குறைய பழைய நீளத்துக்கே வந்துவிடும். இத்தனைக்கும் நீங்கள் வளையத்தை ஒரே திசையில்தான் திருப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த விசித்திர நடைக்கான முதல் காரணம் கேமராவுக்குள் இருக்கிறது. டிஎஸ்எல்ஆர் கேமராவில், படத்தைப் பதியும் சென்சாருக்கு முன்னால், காட்சியைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் ஒரு கண்ணாடி (மிரர்) மேலும் கீழும் புரள்கிறது. அதற்கு இடம் விட வேண்டும் என்பதால், லென்ஸ் மாட்டும் வளையம் சென்சாரிலிருந்து கேனனில் 44 மி.மீ., நிக்கானில் 46.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. 18 மி.மீ. குவியத் தொலைவுள்ள சாதாரணக் குவிலென்ஸ் தனக்குப் பின்னால் 18 மி.மீ.யிலேயே பிம்பத்தை விழவைத்துவிடும். கண்ணாடியைத் தாண்டி அது சென்சாரை எட்டாது. ஆகவே முன்னால் ஒரு குழிலென்ஸ் தொகுதியை வைக்கிறார்கள். அது கதிர்களை முதலில் விரித்துவிடுகிறது. பின்னாலிருக்கும் குவிலென்ஸ் தொகுதி அவற்றைப் பிடித்துத் தொலைவில் உள்ள சென்சாரில் குவிக்கிறது. முன்னே குழி, பின்னே குவி. கேமராவோடு வரும் இந்தக் கிட் லென்ஸுக்குள் பத்துப் பன்னிரண்டு கண்ணாடி வில்லைகள் இருந்தாலும் எலும்புக்கூடு இந்த இரண்டு தொகுதிகள்தான்.

இப்போது பள்ளி ஆய்வகத்துக்குப் போவோம். ஒரு மெழுகுவத்தி, ஒரு திரை, நடுவில் ஒரு குவிலென்ஸ். லென்ஸின் குவியத் தொலைவு 10 செ.மீ. என்றும், வத்திக்கும் திரைக்கும் இடையே 45 செ.மீ. என்றும் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸைத் திரையிலிருந்து 15 செ.மீ.யில் வைத்தால் சுடரின் பிம்பம் பாதி அளவில் தெளிவாக விழும். வேறெதையும் தொடாமல் லென்ஸை மட்டும் வத்தியை நோக்கி நகர்த்தி, திரையிலிருந்து 30 செ.மீ.யில் நிறுத்துங்கள். மறுபடி தெளிவான பிம்பம், இம்முறை இரண்டு மடங்கு. பாதியிலிருந்து இரண்டு மடங்கு என்றால் நாலு எக்ஸ் ஜூம்! இரண்டு உருப்பெருக்கங்களையும் பெருக்கினால் எப்போதும் சரியாக ஒன்று வரும். குவியத் தொலைவை அளக்க ஜெர்மன் வானியலாளர் பெசல் பெயரால் வழங்கும் முறை இதுவேதான். நம்மில் பலர் அளவீடுகளைப் பக்கத்து நோட்டிலிருந்து எழுதி மதிப்பெண் வாங்கிய அதே சோதனை. இதுதான் உன் கேமராவுக்குள் நடக்கிறது என்று அன்றைக்கு ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் எத்தனை பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. அந்த இரண்டு இடங்களிலும் பிம்பம் தெளிவு. நடுவில் எங்கு நிறுத்தினாலும் மங்கல். நடுவிலும் தெளிவு வேண்டுமென்றால் வத்தியையும் அசைக்க வேண்டும். எவ்வளவு? சுடரும் பிம்பமும் ஒரே அளவாக இருக்கும் நிலையில் லென்ஸிலிருந்து வத்தி 20 செ.மீ., திரை 20 செ.மீ., மொத்தம் 40. அதாவது லென்ஸ் 15 செ.மீ. பயணிக்கும் நேரத்தில் வத்தி வெறும் 5 செ.மீ. திரையை நோக்கி வந்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கு: உருப்பெருக்கத்தையும் அதன் தலைகீழ் மதிப்பையும் கூட்டி, அதோடு 2 சேர்த்து, குவியத் தொலைவால் பெருக்கினால் வருவதே வத்திக்கும் திரைக்கும் உள்ள தூரம். ஒரு எண்ணையும் அதன் தலைகீழையும் கூட்டினால் மிகச் சிறிய விடை அந்த எண் 1ஆக இருக்கும்போதுதான் கிடைக்கும். அதனால்தான் நடுவில் குட்டை.

வத்தியின் இடத்தில் குழிலென்ஸ் தொகுதியை வையுங்கள், ஜூம் லென்ஸ் தயார். தூரத்துக் காட்சியைச் சுருக்கி, தனக்கு முன்னால் ஒரு மாய பிம்பமாக அது நிறுத்துகிறது. பின் தொகுதிக்கு அந்த மாய பிம்பம்தான் மெழுகுவத்தி. முழு லென்ஸின் குவியத் தொலைவு என்பது முன் தொகுதியின் குவியத் தொலைவைப் பின் தொகுதியின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் வருவது. முன் தொகுதி 31.5 மி.மீ. என்று வைத்தால், உருப்பெருக்கம் 0.57ஆக இருக்கையில் 18 மி.மீ.; 1.75ஆக இருக்கையில் 55 மி.மீ. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 1 வந்து நிற்கும். இரு முனைகளிலும் குழாயின் நீளம் ஏன் ஏறக்குறைய சமம் என்பது விளங்கியிருக்கும். நிஜ லென்ஸில் எண்கள் அங்கங்கே பிசகும், ஆனால் நடை இதே நடைதான்.

இந்த நடையை நடத்திவைப்பது ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இரண்டு குழாய்கள். ஒன்றில் நேரான காடிகள், மற்றதில் வளைந்த காடிகள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் ஒரு சின்ன முளை மாட்டியிருக்கும். வளையத்தைத் திருப்பினால் வெட்டுப்புள்ளி நகரும், முளை நகரும், அதோடு கண்ணாடித் தொகுதியும் நகரும். பின் தொகுதியின் காடி ஒரே போக்கில் சாய்ந்து செல்லும். முன் தொகுதியின் காடி பள்ளம் இறங்கி ஏறும். நாம் மேலே பார்த்த கூட்டல் கணக்கின் வரைபடத்தைத்தான் பிளாஸ்டிக்கில் வார்த்திருக்கிறார்கள். கணினி இல்லாத காலத்தில் இதையெல்லாம் கையால் கணக்கிட்டவர்களை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. ஃபோட்டோ கேமராவுக்கென முதலில் விற்பனைக்கு வந்த ஜூம், ஃபிராங்க் பேக் வடிவமைத்த ஃபோக்ட்லாண்டர் ஜூமார், 36-82 மி.மீ., 1959இல்தான் வந்தது. இன்று அதைவிட அகன்ற வீச்சுள்ள லென்ஸைக் கேமராவோடு சேர்த்தே கொடுக்கிறார்கள்.

லென்ஸின் முகப்பில் 3.5-5.6 என்று அச்சிட்டிருப்பதும் இதே நகர்வின் தடம்தான். குவியத் தொலைவைத் திறப்பின் அகலத்தால் வகுத்தால் வரும் எண் இது; எண் சிறிதானால் ஒளி அதிகம். ஒளி நுழையும் துளை பின் தொகுதியோடு சேர்ந்து நகர்கிறது. ஜூம் செய்யச் செய்ய அது சென்சாரைவிட்டு விலகிப் போகிறது. துளை அதே அளவு, தூரம் அதிகம், ஆகவே ஒளி குறைவு. மேலே உள்ள எளிய கணக்கின்படி 3.5 என்பது 6ஐ ஒட்டி வரும்; நிஜத்தில் 5.6. கேட்க அருகருகே இருக்கும் எண்கள்; ஆனால் 55 முனையில் சென்சாருக்கு வரும் ஒளி 18 முனையில் வருவதில் ஏறத்தாழ 40 சதவீதம்தான். வீச்சு முழுவதும் 2.8ஆகவே நிற்கும் லென்ஸ்களும் உண்டு. 250 மி.மீ.யில் 5.6க்கு 45 மி.மீ. அகலத் திறப்பு போதும், 2.8க்கு 90 மி.மீ. வேண்டும். கண்ணாடியின் விலையும் எடையும் அந்த இடத்தில் எகிறிவிடும். ஆரம்பநிலைக்காரர் அந்தப் பக்கம் ஏக்கத்தோடு பார்க்க வேண்டியதில்லை.

தூரத்துக்கான 55-250, 70-300 வகைகளில் முன்னால் இருப்பது குவிலென்ஸ் தொகுதி. அவை ஜூம் செய்யச் செய்ய நீண்டுகொண்டே போகும், நடுவில் உள்வாங்காது. அங்கே தலைவலி நிறங்கள். கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு அளவில் வளைக்கிறது; அதனால் கிளையின் விளிம்பில் ஊதாக் கோடு படர்கிறது. ஜூமில் தொகுதிகள் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒவ்வொரு தொகுதியும் தன் நிறப்பிழையைத் தானே சரிசெய்துகொள்ள வேண்டும். அதற்கு விதவிதமான கண்ணாடிகள் தேவை. 1884இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட், எர்ன்ஸ்ட் அபே, கார்ல் ஸைஸ் முதலானோர் கண்ணாடி ஆய்வகம் தொடங்கியபோது பிரஷ்ய அரசு அதற்கு நிதி கொடுத்தது. அவர்கள் மனதில் இருந்தது நுண்ணோக்கி. உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆராய்ச்சிப் பணத்தை வெட்டுகிறவர்கள், மலிவு ஜூம் ஒன்றின் கண்ணாடிகள் எந்த வழியாக நம் கைக்கு வந்தன என்று ஒருமுறை விசாரிக்கலாம்.

சரி, எதை வாங்குவது? இதுவரை எடுத்த படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றோடும் பதிவாகியிருக்கும் குவியத் தொலைவைப் பாருங்கள். பெரும்பாலானவை 55இல் முட்டிக்கொண்டு நின்றால் உங்களுக்குத் தூர ஜூம் தேவை. 18இல் குவிந்திருந்தால் உங்கள் பஞ்சம் வேறு. 10-18 போன்ற அகலக் கோண லென்ஸ்தான் உதவும். அறைக்குள்ளும் மேடையிலும் எடுத்த இருண்ட படங்களே அதிகம் என்றால் ஜூமையே மறந்துவிட்டு 50 மி.மீ. 1.8 வாங்குங்கள். 5.6ஐவிட அது கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும்.

தூரம்தான் வேண்டுமென்றால் என் ஓட்டு 55-250க்கு, அல்லது நடுக்கத் தடுப்புள்ள 70-300க்கு. 55க்கும் 70க்கும் நடுவில் இடைவெளி விழுகிறதே என்று கவலைப்படாதீர்கள், இரண்டடி முன்னே நடந்தால் தீர்ந்தது. 18-200 பயணத்துக்கு வசதிதான். ஆனால் பதினோரு எக்ஸ் முழுவதும் பிழைகளைக் கட்டிப்போட வேண்டிய வடிவமைப்பு எங்காவது விட்டுக்கொடுத்தே தீரும். பெரும்பாலும் அது தூர முனையில், நீங்கள் காசு கொடுத்த இடத்தில்.

நடுக்கத் தடுப்பில் மட்டும் கறாராக இருங்கள். கேனனில் ஐஎஸ், நிக்கானில் விஆர், சிக்மாவில் ஓஎஸ், டாம்ரானில் விசி என்று பெயர். கேனனின் ஆரம்பநிலைக் கேமரா சென்சாரில் 250 மி.மீ. என்பது பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் 400 மி.மீ.க்குச் சமமான கோணம். கையில் பிடித்து எடுக்க நொடியில் நானூறில் ஒரு பங்கு வேகம் வேண்டும். தடுப்பு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) உதவினால் ஐம்பதில் ஒரு பங்கு போதும். ஓடும் குழந்தையை அது நிறுத்தாது, உங்கள் கையை மட்டும்தான் நிறுத்தும். நிக்கானின் ஏஎஃப்-பி 70-300 விஆர் உள்ளது, இல்லாதது என இரண்டு வகையாக வெளிவந்திருக்கிறது. பெயரில் இரண்டெழுத்துதான் வித்தியாசம். கேனனின் 75-300 மூன்றாம் பதிப்பு மலிவு, ஆனால் தடுப்பு கிடையாது.

நிக்கான்காரர்களுக்கு இன்னொரு பொறி. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. பழைய ஏஎஃப், ஏஎஃப்-டி லென்ஸ்களை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ் என்றால் நிம்மதி. ஏஎஃப்-பி புதிய உடல்களுக்கு அருமை, டி3100, டி5100 போன்றவற்றில் வேலைக்கு ஆகாது.

குவியத் தொலைவைக் கூட்டித் தருவதாகச் சொல்லி விற்கும், லென்ஸுக்கு முன்னால் திருகும் மலிவு டெலி கன்வெர்ட்டர்களைத் தொடாதீர்கள். லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவே மாட்டும் 1.4 மடங்குக் கன்வெர்ட்டரும் 5.6ஐ 8 ஆக்கிவிடும். ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆரின் ஃபோகஸ் சென்சார் 5.6 அளவுக்கு அகலமான கதிர்களை நம்பி வடிவமைக்கப்பட்டது, 8இல் தடுமாறும்.

250 மி.மீ.யின் எல்லை தெரிய நிலாவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்சாரில் விழும் நிலாவின் விட்டம், குவியத் தொலைவில் ஏறத்தாழ 110இல் ஒரு பங்கு. 55இல் அரை மி.மீ., 250இல் 2.3 மி.மீ., 300இல் 2.7 மி.மீ. சென்சாரின் உயரமோ 15 மி.மீ. 24 மெகாபிக்சல் கேமராவில் 250 மி.மீ. நிலா அறுநூறு சொச்சம் பிக்சல் அகலம் வரும். பள்ளங்கள் தெரியும், சட்டம் நிறையாது. 250க்கும் 300க்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான் என்பதையும் இங்கேயே கண்டுகொள்ளலாம்.

டிஎஸ்எல்ஆரிலிருந்து, அந்தப் புரளும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுகிறவர்களால் பழைய லென்ஸ்கள் நிறையச் சந்தைக்கு வருகின்றன. குறைந்த பட்ஜெட்டுக்கு இது நல்ல காலம். வாங்குமுன் இரு பக்க மூடிகளையும் கழற்றிவிட்டு, பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் சாய்வாகப் பாருங்கள். நாலைந்து தூசிகள் படத்தில் தெரியாது. கிளைகிளையாகப் பரவிய மெல்லிய வெள்ளை நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஜூம் வளையத்தை முழுக்கத் திருப்பி எங்காவது பிடிக்கிறதா என்று பாருங்கள்; முளை தேய்ந்திருந்தால் அங்கே தெரியும். கடைசியாக, எழுத்து நிறைந்த ஒரு தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, கேமராவை நேர் எதிரே வைத்து, தூர முனையில் 5.6இல் ஒரு படம் எடுத்து நாலு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நாலும் ஒரே அளவு மங்கல் என்றால் மலிவு லென்ஸின் இயல்பு. 8க்கு மாற்றினால் பெரும்பாலும் தெளியும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.