சீல் குத்தியிருந்தால் அது சிஏ சான்றிதழ் ஆகிவிடாது

வெளிநாட்டுப் படிப்புக்கு விசா எடுக்கும் காலம் வந்தால் போதும், சிஏக்களின், அதாவது பட்டயக் கணக்காளர்களின், நிறுவனத்தைச் சேர்ந்த எங்கள் கிளை அலுவலகத்துக்கு யாராவது ஒருவர் கையில் ஃபைலோடு வந்துவிடுகிறார். போன வாரம் வந்த அப்பா, மகளுக்காக நிகர சொத்து மதிப்புச் சான்றிதழை (கடன் போக மீதிச் சொத்து எவ்வளவு என்று சிஏ எழுதித் தருவது) ஒரு ஏஜெண்ட் மூலம் வாங்கியிருக்கிறார். அது போலி என்று விசா மறுத்துவிட்டார்கள். "இந்த சிஏ லைசென்ஸை நீங்கள்தானே ரத்து பண்ணணும்?" என்று கேட்டார். காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். லெட்டர்ஹெட், வட்ட முத்திரை, உறுப்பினர் எண் எல்லாம் கச்சிதம். அந்த எண்ணும் நிஜம்தான், ஆனால் அது வேறு ஊரில் தொழில் செய்பவருடையது, அவருக்கு இந்தக் குடும்பத்தை யாரென்றே தெரியாது. யூடின், அதாவது ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண், என்று போட்டிருந்த இடத்தில் 16 இலக்கம்தான் இருந்தது. 18 இருக்க வேண்டும்.

திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சீலை நம்பாதீர்கள். ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற கடையில் யாரும் உங்கள் தகுதிச் சான்றைக் கேட்பதில்லை. லெட்டர்ஹெட்டை எந்த டிடிபி சென்டரிலும் அடித்துவிடலாம். உறுப்பினர் எண் ஏதாவது ஒரு பழைய ஆடிட் அறிக்கையிலேயே கிடைக்கும். கையெழுத்து அழகாக இருக்கிறது, முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது என்பதெல்லாம் ஒரு ஆதாரமே இல்லை. படித்தவர்களும், ஏன், சில வங்கி ஊழியர்களும்கூட இதை வைத்தே திருப்தியாகிவிடுவதுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

இதைத் தடுக்கத்தான் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம், அதாவது ஐசிஏஐ, யூடினைக் கொண்டுவந்தது. சான்றிதழ்களுக்கு 2019 பிப்ரவரி 1 முதலே அது கட்டாயம். முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த ஆறு உறுப்பினர் எண், மீதிப் பத்து கணினி தருவது. ஐசிஏஐயின் யூடின் தளத்தில் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம், நீங்கள் சிஏவாக இருக்க வேண்டியதில்லை. எண் இருக்கிறது என்று வந்ததும் மூடிவிடாதீர்கள். அங்கே காட்டும் ஆவண வகை, தேதி, தொகை மூன்றும் உங்கள் கையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும், ஏனென்றால் வேறொருவருடைய அசல் எண்ணை எடுத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம், "எங்கள் சிஏ ஒரு மணி நேரத்தில் போட்டுக் கொடுப்பார்" என்று ஏஜெண்ட் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வெளியாளோடு கட்டணத்தைப் பங்கு போடவும், ஆள் வைத்து வேலை பிடிக்கவும் எங்கள் நடத்தை விதிகளில் இடமில்லை. வங்கி அறிக்கையோ சொத்துப் பத்திரமோ பார்க்காமல் நிகர மதிப்பு எழுதித் தருகிறவர் நிஜமான சிஏவாகவே இருந்தாலும் அந்தக் காகிதம் உங்களுக்கு ஆபத்துதான்.

ஐசிஏஐயின் மண்டலக் குழு பற்றியும் சொல்லிவிடுகிறேன். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் தென்னிந்திய மண்டலக் குழுவோ, கோவை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களின் கிளைகளோ வருமான வரி அலுவலகமும் இல்லை, போலீஸும் இல்லை. உறுப்பினர்களுக்குத் தொடர் பயிற்சி, மாணவர்களுக்கு வகுப்பு, நூலகம், வரிச் சட்டம் மாறும்போது கருத்தரங்கு, இவைதான் எங்கள் வேலை. யாருடைய பெயரையும் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை. நிஜமான உறுப்பினர் மீது புகார் என்றால், 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐசிஏஐயின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்குப் படிவம் 1இல் எழுத வேண்டும். கையெழுத்துப் போட்டவர் சிஏவே இல்லையென்றால் அது மோசடி, நேராகக் காவல் நிலையம் போங்கள். யாருடைய எண்ணைத் திருடியிருக்கிறார்களோ அவருக்கும் தகவல் சொல்லுங்கள், அவரும் பாதிக்கப்பட்டவர்தான்.

எங்கே போனாலும் அசல் காகிதம், ஏஜெண்டுக்குப் பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் கையில் இருக்கட்டும். கோபத்தில் எதையும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. விசா விண்ணப்பத்தில் போலி ஆவணம் கொடுத்தவர் என்று பதிவாவது ஏஜெண்டின் பெயர் இல்லை, உங்கள் பிள்ளையின் பெயர். நீங்களும் ஏமாற்றப்பட்டீர்கள் என்று காட்ட அவை மட்டும்தான் இருக்கும்.