அசதிக்கு கார்டிசால் டெஸ்ட் எடுக்கலாமா?

இப்போதெல்லாம் கிளினிக்குக்கு வருகிறவர்கள் சுகர், பிரஷரை விட்டுவிட்டு, கார்டிசால் என்கிற ஸ்ட்ரெஸ் ஹார்மோனுக்கு டெஸ்ட் எழுதித் தரச் சொல்கிறார்கள். தொப்பை விழுந்தால் கார்டிசால், முடி கொட்டினால் கார்டிசால், ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தால் கார்டிசால் என்று ரீல்ஸில் யாரோ சொல்லிவிட்டார்கள், அது கம்பம் பள்ளத்தாக்கு வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சிலர் நம்மைக் கேட்பதே இல்லை, நேராக லேபில் ரத்தம் கொடுத்து ரிப்போர்ட்டோடுதான் வருகிறார்கள்.

அப்படி ஒரு ரிப்போர்ட்டை அண்மையில் ஒரு அக்கா கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கம்பம்மெட்டு வழியாகக் கேரள எல்லையைத் தாண்டி வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய் வருகிறவர். "காலையில எந்திரிக்கவே முடியல டாக்டரம்மா, கை கால் கழண்டு போன மாதிரி இருக்கு. மக எடுக்கச் சொன்னா, எடுத்துட்டேன், கம்மின்னு வந்திருச்சு." கார்டிசால் 4.8 என்று இருந்தது, பக்கத்தில் குறைவு என்று தடித்த எழுத்தில் குறியும் போட்டிருந்தார்கள். மேலே சின்ன எழுத்தில் ரத்தம் எடுத்த நேரம்: மாலை 6.40. ஜீப்பை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஒப்பிட்டிருந்ததோ காலை நேரத்து அளவோடு.

கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் ஓடுகிற ஹார்மோன் கிடையாது. விடியும் நேரத்தில் ஏற ஆரம்பித்து, கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், பகல் முழுக்க மெதுவாக இறங்கி, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு வரும். காலை எட்டு மணிக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் (லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்), சாயங்காலம் ஏறக்குறைய அதில் பாதி. மாலை 6.40-க்கு 4.8 என்பது அந்த நேரத்துக்கு இயல்பான அளவுதான், குறைவு இல்லை. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் பையிலிருந்து ஒரு டப்பா வெளியே வந்தது. ஆன்லைனில் மகள் வாங்கி அனுப்பிய "அட்ரினல் சப்போர்ட்" பவுடர். ரெண்டு நாள் கூலி போயிருக்கும்.

அட்ரினல் என்பது ஒவ்வொரு கிட்னியின் தலையிலும் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கிற சின்னச் சுரப்பி. மூளையில் ஹைப்போதலாமஸ் சொல்ல, அதன் கீழே பிட்யூட்டரி உத்தரவு போட, அட்ரினல் கார்டிசாலைச் சுரக்கும். ரத்தத்தில் போதுமான அளவு ஏறியதும் அதே கார்டிசால் மேலே போய் "போதும்" என்று சொல்லி நிறுத்திவிடும். ஆபத்து நேரத்தில் ஈரலிலிருந்து சர்க்கரையை ரத்தத்துக்குள் இறக்குவது, பிரஷரைத் தாங்கிப் பிடிப்பது, வீக்கத்தையும் எதிர்ப்பு சக்தியையும் கொஞ்சம் அடக்கி வைப்பது எல்லாம் இதன் வேலை. இது இல்லாமல் மனுஷன் உயிரோடு இருக்க முடியாது, அதனால் கார்டிசால் என்றாலே விஷம் என்று பேசுகிற வீடியோக்களைத் தயவுசெய்து தள்ளிவிடுங்கள்.

1936-ல் ஹான்ஸ் செல்யே என்கிற ஆராய்ச்சியாளர் எலிகளைக் குளிரில் வைத்தும், அளவுக்கு மீறி ஓடவிட்டும், காயப்படுத்தியும் பார்த்தார். தொல்லை எதுவாக இருந்தாலும் எலியின் உடம்புக்குள் நடந்தது ஒன்றுதான்: அட்ரினல் பெருத்தது, எதிர்ப்பு சக்திக்கான தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. ஸ்ட்ரெஸ் என்று இன்றைக்கு நாம் சொல்வதற்கான மருத்துவப் பேச்சே அங்கிருந்துதான் தொடங்குகிறது. பாம்பைப் பார்த்துப் பதறினாலும் குழு லோன் தவணை நாளை நினைத்துப் பதறினாலும் உடம்பு கையில் எடுப்பது ஏறக்குறைய ஒரே ஆயுதத்தைத்தான். பாம்பு ஓடிப்போனால் கார்டிசாலும் இறங்கிவிடும், தவணை வாராவாரம் வரும்.

வருஷக்கணக்கில் அப்படியே போனால் கார்டிசால் எல்லாருக்கும் எகிறி நிற்கும் என்று நினைக்காதீர்கள். சிலருக்குக் கூடுகிறது, சிலருக்குக் குறைகிறது, பலருக்கு அளவு சரியாகவே இருந்து அந்த ஏற்ற இறக்கம் மட்டும் மழுங்கிவிடுகிறது. காலையில் ஏற வேண்டிய அளவு ஏறாது, ராத்திரி இறங்க வேண்டிய அளவு இறங்காது. காலையில் எழ முடியாத அசதி, ராத்திரி படுத்தால் கொட்டக் கொட்ட முழிப்பு என்று ரெண்டையும் ஒரே ஆள் வந்து சொல்கிறார் என்றால் எனக்கு இந்த எண்ணம் வரும். இதோடு சேர்ந்து வருபவை: இனிப்புக்கும் பலகாரத்துக்கும் ஏங்குவது, இடுப்பைச் சுற்றிச் சதை போடுவது, சுகரும் பிரஷரும் மெதுவாக ஏறுவது, அடிக்கடி சளி பிடிப்பது, வைத்த பொருளை மறப்பது, மாதவிடாய் முன்னே பின்னே போவது. இதை ஒரு தடவை ரத்தம் எடுத்துக் கண்டுபிடிக்க முடியாது. அட்ரினல் களைத்துப்போய்க் காலியாகிவிட்டது என்று பவுடர் விற்கிறவர்கள் சொல்கிறார்களே, அப்படி ஒரு நோயை ஹார்மோன் மருத்துவர்களின் சங்கங்கள் ஒத்துக்கொள்வதில்லை.

சரி, அந்த அக்காவுக்கு அசதி பொய்யா? இல்லவே இல்லை. அவர் நாளைக் கேளுங்கள். விடிகாலை மூன்றரைக்கு எழுந்து சோறு, குழம்பு, பிள்ளைகளுக்கு டிபன், தூக்குவாளியில் கட்டுவது. ஐந்தரைக்குத் தெருமுனையில் ஜீப். உட்காருகிற இடத்தைவிட ஆட்கள் அதிகம். மலையேறும்போது கொண்டை ஊசி வளைவில் வாந்தி வரும் என்பதால் காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை, கடும் டீ மட்டும். அப்புறம் ஏலச்செடியின் அடியில் குனிந்து குனிந்து காய் எடுப்பு. மழைக்காலம் என்றால் பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, காலில் அட்டைக்கடியோடு. முதல் சாப்பாடு பத்து மணிக்கு மேல். திரும்பி வரும்போது மணி ஆறு, ஆறரை. மறுபடி அடுப்பு, துணி, அப்புறம் செல்போன், படுக்கும்போது பதினொன்று. தூக்கம் நாலரை மணி நேரம், அதிலும் நடுவில் முழிப்பு.

1999-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 11 ஆரோக்கியமான இளைஞர்களைத் தொடர்ந்து 6 இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். சர்க்கரையைக் கையாளுகிற திறன் சட்டென்று இறங்கிவிட்டது, சாயங்காலக் கார்டிசால் கூடிவிட்டது. அவர்கள் வாலிபப் பையன்கள், அதுவும் ஆறே இரவுகள். நம் அக்கா இதையே வருஷக்கணக்காகச் செய்கிறார், கூடவே மலையும் ஏறி இறங்குகிறார்.

ஆனாலும் எல்லாப் பழியையும் ஸ்ட்ரெஸ் மேல் போட்டுவிட்டு நான் சும்மா இருக்க மாட்டேன், அதுவும் சோம்பேறித்தனம்தான். முதலில் ஹீமோகுளோபின். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. அப்புறம் தைராய்டு, சுகர், பிரஷர், தேவைப்பட்டால் பி12. இருமலோ மெலிவோ இருந்தால் சளி டெஸ்ட். குறட்டை உண்டா என்று வீட்டுக்காரரைக் கேட்பேன். இந்த அக்காவுக்கு ஹீமோகுளோபின் 8.2, ரத்தசோகைதான். அவர் வாங்கியிருந்த பவுடரில் இரும்புச்சத்து துளி இல்லை. அதில் அமுக்கரா (அஸ்வகந்தா) இருந்தது. அமுக்கரா கார்டிசாலைக் கொஞ்சம் குறைப்பதாகச் சின்னச் சின்ன ஆய்வுகள் காட்டுவது உண்மைதான், ஆனால் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொடக்கூடாது. அபூர்வமாக ஈரலையும் கெடுத்திருக்கிறது.

அடுத்தது தூக்கம். "ஏழு மணி நேரம் தூங்குங்க" என்று அவரிடம் சொன்னால் மனதுக்குள் என்னைத் திட்டிக்கொண்டுதான் போவார். அதனால் அரை மணி, முக்கால் மணியாகச் சேர்க்கப் பார்ப்போம். காய்கறி நறுக்குவதை முந்தின ராத்திரி வீட்டு ஆண்பிள்ளைகள் செய்யட்டும் (இதைச் சொல்லும்போது கூட வந்திருக்கிற கணவர் பெரும்பாலும் ஃபேனைப் பார்ப்பார்). நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம். போனைப் படுக்கைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஜீப்பில் ஏறுவதற்கு முன் முழுச்சாப்பாடு முடியாவிட்டாலும் ஒரு முட்டை, ரெண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி கடலை. வேலை இல்லாத நாளில் மதியம் அரை மணி படுக்கை, ஆனால் சாயங்காலம் வரைக்கும் இழுத்துத் தூங்கினால் ராத்திரித் தூக்கம் போய்விடும்.

இன்னொன்றையும் நான் சீட்டில் எழுதுவதுண்டு, பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு வசூல் செய்கிறவர்கள் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ கடன் வாங்கியவரைப் போனில் கூப்பிட்டுத் தொல்லை செய்யக்கூடாது, மிரட்டக்கூடாது, சொந்தக்காரர்களையும் கூட வேலை செய்கிறவர்களையும் தொந்தரவு செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி போட்டிருக்கிறது. ராத்திரி எட்டு மணிக்குப் போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது என்று சொல்கிற பெண்ணுக்கு மாத்திரை எழுதுவதைவிட இந்த விதியைச் சொல்லி, அந்த நேரத்தில் போனை எடுக்காமல் இருக்கலாம் என்று புரியவைப்பது எனக்கு மருத்துவமாகத்தான் தெரிகிறது. பேச ஆள் இல்லை, சாகலாம் போலிருக்கிறது என்கிற நிலை வந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ், அரசு நடத்துவது, காசில்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இனி நான் உண்மையிலேயே பயப்படுகிற கார்டிசால் சங்கதிக்கு வருகிறேன். எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டிவலி, இடுப்புவலி என்று மெடிக்கலில் கேட்டால் சீட்டே இல்லாமல் ஒரு "செட் மாத்திரை" தருகிற இடங்கள் இருக்கின்றன. பேப்பர் பொட்டலத்தில் மூன்று நான்கு மாத்திரை, அதில் ஒன்று ரொம்பச் சின்னதாக. அந்தச் சின்னது பெரும்பாலும் ஸ்டீராய்டு, டெக்சாமெத்தசோனோ பிரட்னிசோலோனோ. கார்டிசாலின் செயற்கை உறவுக்காரர்கள். சில நாட்டுமருந்துப் பொடிகளிலும் இதைக் கலந்துவிடுகிறார்கள். போட்ட அன்றைக்கே வலி பறந்துவிடும், பசி எடுக்கும், உடம்பில் தெம்பு வந்த மாதிரி இருக்கும், அதனால் "கைராசிக்காரர்" என்று பெயரும் வந்துவிடும்.

இந்த அதிசயம் புதிதில்லை. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தால் படுத்த படுக்கையாக இருந்த ஒரு இளம்பெண்ணுக்குக் கார்டிசாலின் நெருங்கிய உறவான கார்டிசோன் ஊசி போட்டார்கள், சில நாளிலேயே எழுந்து நடந்தாள். 1950-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் தொடர்ந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் வெகு சீக்கிரமே தெரிந்துவிட்டது. முகம் உருண்டையாக வீங்கும், பிடரியில் சதை திரளும், கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருக்கும், வயிற்றில் ஊதா நிறத்தில் கோடு விழும், லேசாக இடித்தாலே ரத்தம் கட்டும், சுகர் ஏறும், எலும்பு உடைகிற அளவுக்கு வலு போகும். ஊரில் "நல்லா உடம்பு போட்டிருக்கா" என்பார்கள். ரீல்ஸில் கார்டிசால் முகம் என்று காட்டுகிறார்களே, அந்த முகத்தோடு என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் ஏறக்குறைய எல்லாருமே பொட்டல மாத்திரைக்காரர்கள்தான்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் சொந்த அட்ரினல் சுரப்பதைக் குறைத்துக்கொண்டு சுருங்கிவிடும். அப்படியிருக்க, மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பயந்து ஒரே நாளில் நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், பிரஷர் இறங்கி மயக்கம், சில நேரம் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் வந்தாலோ ஆபரேஷன் என்றாலோ அது இன்னும் மோசம். ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ டாக்டர் அளவு பார்த்து எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு வேறு விஷயம், இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள், இன்ஹேலரையும்தான்.

மாசக்கணக்கில் பொட்டல மாத்திரை சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டார்கள். மீதி மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாமல் பொட்டலத்தோடு கொண்டுவாருங்கள், என்ன மருந்து, எவ்வளவு நாள் என்று தெரிந்தால்தான் எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று சொல்ல முடியும். தேவைப்பட்டால் அப்போது கார்டிசால் டெஸ்ட்டும் எடுப்போம், காலை எட்டு மணிக்கு. அன்றைக்கு ஒரு நாள் ஜீப்புக்குப் போக வேண்டாம்.