விமானத்தில் 'பெல்ட் போடுங்கள்' சைன் அணைந்தால் பெல்ட்டைக் கழற்ற வேண்டும் என்று யார் சொன்னது?

"சைனைத்தான் அணைச்சாச்சே, அப்புறம் எதுக்கு பெல்ட்?" என்று போன வாரம் ஒரு பயணி எங்கள் கேபின் குழுப் பெண்ணிடம் சத்தம் போட்டிருக்கிறார். இது புதிதில்லை. ஆனால் இந்த முறை மடியில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு தாயும் அவரைப் பார்த்துத் தன் பெல்ட்டைக் கழற்றிவிட்டார் என்று கேட்டதும் பொறுக்கவில்லை.

ஒரு விமானியாகச் சொல்கிறேன். நான் சைனை அணைப்பது, தேவையென்றால் எழுந்து கழிவறைக்குப் போய்வரலாம் என்பதற்காக. உட்கார்ந்திருப்பவர் பெல்ட்டைக் கழற்றலாம் என்பதற்காக அல்ல. ஒவ்வொரு பயணத்திலும் இதை ஒலிபெருக்கியில் சொல்கிறோம். சைன் அணைந்திருப்பதற்கு 'இனி ஒன்றும் நடக்காது' என்று நான் உறுதி கொடுத்ததாக அர்த்தமே இல்லை. என் கண்ணுக்கும் ரேடாருக்கும் இப்போதைக்கு எதுவும் தென்படவில்லை, அவ்வளவுதான். ரேடார் மேகத்தில் இருக்கும் ஈரத்தைக் காட்டும். தெளிந்த வானத்தில் வரும் குலுக்கலைக் காட்டாது. விமானத்தின் கம்ப்யூட்டரே தவறு செய்தால் அதை முன்கூட்டிச் சொல்ல எந்த ரேடாரும் கிடையாது.

அப்படியும் நடக்குமா? நடந்திருக்கிறது. 2008 அக்டோபர் 7, சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் போன குவான்டாஸ் நிறுவனத்தின் 72-ம் எண் விமானம். ஏர்பஸ் ஏ330, 303 பயணிகள், 12 பணியாளர்கள். 37,000 அடியில், நல்ல வானிலையில், மதிய நேரத்தில் பறந்துகொண்டிருந்தது. முதலில், விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் விலகியது. வேகம் குறைந்துவிட்டது என்று ஒரு எச்சரிக்கை, வேகம் மிஞ்சிவிட்டது என்று இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. ஓரிரு நிமிடங்களில் விமானம் தானாக மூக்கைக் கீழே குத்தியது. காற்றை இறக்கை சந்திக்கும் கோணத்தை ஒரு கருவி 50 டிகிரிக்கு மேல் என்று தவறாகச் சொல்ல, கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் அதை நம்பிவிட்டது.

கேப்டன் கெவின் சல்லிவன், மூக்கை உயர்த்த, விமானத்தை ஓட்டும் கைப்பிடியான சைட்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தார். முதலில் விமானம் கேட்கவில்லை. பிறகு வழிக்கு வந்தது. மூன்று நிமிடத்துக்குள் மறுபடியும் குத்தியது. அதற்குப் பிறகு அவர்கள் செய்ததை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் மரியாதையோடுதான் பேசுவோம். அடுத்து எப்போது குத்தும் என்று தெரியாத விமானத்தைக் கையால் ஓட்டி, கேபினில் பலத்த காயங்கள் என்று தெரிந்ததும் 'மேடே' என்ற பேராபத்து அறிவிப்பைக் கொடுத்து, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள லியர்மந்தில், முதல் குத்தலுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் கழித்து இறக்கினார்கள். யாரும் சாகவில்லை.

இப்போது முக்கியமான கணக்கு. முதல் குத்தலில் விமானம் இறங்கியது 650 அடிதான். 37,000 அடியில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு பொருள் தானாகக் கீழே விழும் வேகத்தையும் மிஞ்சி இறங்கியதால், பெல்ட் போடாதவர்களின் தலை கூரையில் மோதியது. பயணிகளில் குறைந்தது 110 பேருக்கும், பணியாளர்களில் 9 பேருக்கும் காயம். அந்த நேரத்தில் இருக்கையில் இருந்துகொண்டே பெல்ட் போடாமல் இருந்தவர்கள் 60 பேராவது இருக்கும் என்கிறது ஆஸ்திரேலிய விசாரணை அறிக்கை. நின்றவர்களுக்கும் பெல்ட் போடாதவர்களுக்கும்தான் அதிகக் காயம், மோசமான காயம். விமானி காப்பாற்றியது விமானத்தை. உங்கள் தலையைக் காப்பாற்ற வேண்டியது உங்கள் பெல்ட்.

2025 அக்டோபரில் மெக்சிகோவின் கான்கூனிலிருந்து கிளம்பிய, அமெரிக்க நிறுவனமான ஜெட்ப்ளூவின் ஏர்பஸ் ஏ320 விமானமும் இதேபோல் தானாக மூக்கைத் தாழ்த்தியது. அதற்குப் பிறகு, கடும் சூரியக் கதிர்வீச்சு கட்டுப்பாட்டுத் தரவைக் கெடுக்கக்கூடும் என்று ஏர்பஸ் அறிவித்து, சுமார் 6,000 விமானங்களைச் சரிசெய்யச் சொன்னது. என் உறவினர்கள் எல்லோரும் "இனி ஏ320-ல் ஏறலாமா?" என்று எனக்குப் போன் செய்தார்கள். ஏறலாம். பெல்ட்டைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உட்கார்ந்த நொடியிலிருந்து பெல்ட் இருக்கட்டும், இடுப்பெலும்போடு ஒட்டி, இறுக்கமாக. வயிற்றின் மேல் தொளதொளவென்று போடாதீர்கள். அப்படிப் போட்டால் பக்கிள் இருக்கையின் கைப்பிடியில் மாட்டித் திறந்துகொள்ளக்கூடும். குவான்டாஸ் விசாரணையிலேயே இது தெரியவந்தது. தூங்கினால் போர்வைக்கு மேல் போடுங்கள், எழுப்பிக் கேட்க வேண்டியிருக்காது. கழிவறைக்குப் போனால் வேலை முடிந்ததும் திரும்பிவிடுங்கள். கேபின் குழு பணியாற்றும் இடத்தில் நின்று அரட்டை வேண்டாம்.

தாய்மார்களே, குழந்தைக்கென்று தரும் சின்ன பெல்ட்டை உங்கள் பெல்ட்டில் கோத்து மாட்டுங்கள். இரண்டு கையாலும் பிடித்தாலும் இந்த மாதிரி விசையில் குழந்தை கையில் நிற்காது. தயவுசெய்து.

விமானம் ஒரு முறை குத்திவிட்டால், போனை எடுக்கவோ பக்கத்து வரிசைக்காரருக்கு உதவவோ எழாதீர்கள். இரண்டாவது குத்தல் வரலாம். நடைபாதையில் மாட்டிக்கொண்டால் பக்கத்தில் காலியான இருக்கை எதுவானாலும் உட்கார்ந்து பெல்ட்டைப் போடுங்கள். இல்லையென்றால் தரையில் உட்கார்ந்து இருக்கையின் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கேபின் குழு உங்களிடம் வரும்வரை அப்படியே இருங்கள்.