கண்காணிப்பாளரின் மேசைக்குப் போய்ச் சேராத செய்திகள்

அமெரிக்காவில், மே மாதத்து இரவு ஒன்றில் எங்கள் ஊர்ப் பள்ளி வாரியக் கூட்டத்துக்கு நம்மவர்கள் நாற்பது பேர் வந்தார்கள். அந்த அறையில் அத்தனை தமிழ் முகங்களை அதுவரை நான் பார்த்ததில்லை. நடந்தே போகக்கூடிய தொலைவுதான் என்று சொல்லி, இரண்டு குடியிருப்புகளுக்கான பள்ளிப் பேருந்தைப் பள்ளி மாவட்டம், அதாவது எங்கள் வட்டாரத்துப் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு, நிறுத்த முடிவு செய்திருந்தது. பிள்ளைகள் நடக்க வேண்டிய வழியில் ஆறு தடச் சாலை ஒன்று குறுக்கே போகிறது. ஒரு தந்தை மைக் முன்னால் நின்று, "எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்றார். குரல் தழுதழுத்தது. வாரிய உறுப்பினர்கள் ஏழு பேரும் பேசாமல் இருந்தார்கள். அந்தப் பள்ளிகளுக்கெல்லாம் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் (சூப்பரின்டென்டென்ட்) எதையோ குறித்துக்கொண்டார். மூன்று நிமிடம் முடிந்ததும் மணி அடித்தது. அடுத்தவர் பெயரை அழைத்தார்கள்.

நான் அப்போது அந்த மாவட்டத்தின் தலைமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாவட்டம் தன் கடமையைச் செய்துவிட்டதாகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பொதுக் கூட்டத்தில் அதைப் பேசியிருந்தார்கள், நிகழ்ச்சி நிரலும் இணையத்தில் இருந்தது. ஆனால் அந்தத் தந்தை சொன்னதிலும் பொய்யில்லை. இருநூறு பக்கக் கோப்பு ஒன்றில், 'போக்குவரத்துச் செலவு மறுசீரமைப்பு' என்ற தலைப்பின் கீழ் அந்த முடிவு கிடந்தது. தன் மகளுடைய பஸ் அதற்குள் இருக்கிறது என்று எந்தப் பெற்றோருக்குத் தெரியும்?

அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். கணித ஆசிரியையாகத் தொடங்கி, துணைத் தலைமையாசிரியையாகி, கடைசி எட்டு ஆண்டுகள் மாவட்ட அலுவலகத்தில் இருந்தேன். இங்கே பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஆசிரியரைத் தெரியும். பள்ளியின் மதிப்பெண் தரவரிசை வீடு வாங்கும்போதே மனப்பாடம். ஆனால் தங்கள் பள்ளி மாவட்டத்தின் சூப்பரின்டென்டென்ட் யார் என்று கேட்டால், பத்துப் பேரில் எட்டுப் பேருக்குப் பெயர் தெரியாது. அதனால் நாம் இழப்பது மிகுதி என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கண்காணிப்பாளர் என்றதும் நமக்கு ஊரில் உள்ள முதன்மைக் கல்வி அலுவலர் நினைவுக்கு வருகிறார். அவர் மாநில அரசு அனுப்பிய அதிகாரி. நாளைக்கே வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வரலாம். அமெரிக்கப் பள்ளி மாவட்டம் அப்படிப்பட்டதல்ல. நாடு முழுவதும் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. டெக்சாஸில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். புளோரிடாவில், மாநிலத்தின் உட்பிரிவான கவுன்டிக்கு ஒன்றாக 67. ஹவாய் மாநிலம் முழுவதற்கும் ஒன்றே ஒன்று. பெரும்பாலான இடங்களில் மக்கள் வாக்களித்து வாரியத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், வாரியம் ஒப்பந்தம் போட்டுக் கண்காணிப்பாளரை வேலைக்கு வைக்கிறது. பிடிக்காவிட்டால் அனுப்பியும் விடுகிறது. விதிவிலக்குகளும் உண்டு. புளோரிடாவின் பல கவுன்டிகளில் கண்காணிப்பாளரையே மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். நியூயார்க் நகரில் 2002 முதல் மேயர் கையில்தான் பள்ளிகள் இருக்கின்றன, பதவியின் பெயரும் அங்கே சான்சலர். ஆனால் பெரும்பாலான ஊர்களில் அந்த நாற்காலிக்கு மேலே இருப்பது ஏதோ தொலைதூரத் தலைமைச் செயலகம் அல்ல, நம் தெருவில் வீடு உள்ள யாரோ ஐந்து அல்லது ஏழு பேர். கூட்டாட்சி அரசின் பணம் பள்ளிச் செலவில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். மற்றதெல்லாம் மாநிலமும் உள்ளூர் வரியும் கொடுப்பவை. நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டும் சொத்து வரியும் அதில் இருக்கிறது.

இந்தப் பதவி 1837-இல் பஃபலோ, லூயிவில் நகரங்களில் தொடங்கியது. நகரம் வளர்ந்து பள்ளிகள் பெருகியபோது, அத்தனையையும் நேரில் போய்ப் பார்க்க வாரியத்தாருக்கு முடியவில்லை. தங்கள் சார்பில் போய்ப் பார்த்துவந்து, உள்ளது உள்ளபடி சொல்ல ஓர் ஆளை வைத்தார்கள். பஸ், கட்டடம், ஒப்பந்தம், வழக்கு எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. கண்காணிப்பாளரின் வேலைக்கு வேர் இன்றைக்கும் அதுதான் என்று நான் நினைக்கிறேன். பள்ளியில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அவருக்குத் தெரியாவிட்டால் வாரியத்துக்கும் தெரியாது.

அது எப்படித் தெரியாமல் போகிறது என்பதற்கு அட்லாண்டாவை விடப் பெரிய பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பெவர்லி ஹால் 1999-இல் அட்லாண்டா பொதுப் பள்ளிகளின் கண்காணிப்பாளரானார். ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் பெரும்பான்மையாகப் படிக்கும் மாவட்டம் அது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டு இலக்கு வைத்தார். எட்டிய பள்ளிகளுக்கு ஊக்கத்தொகை, எட்டாத தலைமையாசிரியர்களுக்கு வேலை நிலைக்காது. மதிப்பெண்கள் ஏறின. நாடே வியந்தது. 2009-இல் அமெரிக்காவின் சிறந்த கண்காணிப்பாளர் என்ற தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அதே காலத்தில் உள்ளூர் நாளிதழ் ஒன்று அந்த மதிப்பெண்கள் நம்பக்கூடியவையா என்று கேட்கத் தொடங்கியது. மாநில அரசு விடைத்தாள்களை ஆராய்ந்தது. அழித்து எழுதிய விடைகளில், தவறு சரியாக மாறியவை இயல்புக்கு மீறிய அளவில் இருந்தன. 2011 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-இல் முறைகேடு நடந்ததாகச் சொன்னது. அதில் 178 பேர் சம்பந்தப்பட்டிருந்தார்கள். 38 பேர் தலைமையாசிரியர்கள். ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து பிள்ளைகளின் விடைகளை அழித்துத் திருத்தியிருந்தார்கள்.

2013-இல் ஹால் உட்பட 35 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர் கடைசி வரை மறுத்தார். புற்றுநோயால் விசாரணைக்கு வர முடியாமல் 2015 மார்ச்சில் காலமானார். அடுத்த மாதமே, விசாரணையைச் சந்தித்த 12 பேரில் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது.

அந்த அறிக்கையில் என்னை உறங்கவிடாதது எண்ணிக்கைகள் அல்ல. அச்சமும் மிரட்டலும் பழிவாங்கலும் நிறைந்த சூழல் என்று விசாரணையாளர்கள் எழுதியிருந்தார்கள். உண்மையைச் சொன்ன ஆசிரியர்களுக்குத் தண்டனை கிடைத்ததையும் பதிவு செய்திருந்தார்கள். கெட்ட செய்தி மேலே ஏறும் படிக்கட்டை யாரோ இடித்துவிட்டார்கள். அதன் விலையைக் கொடுத்தது பிள்ளைகள். வாசிக்கத் தெரியாத பிள்ளை வாசிப்பில் தேர்ச்சி பெற்றதாகத் தாளில் வந்துவிட்டால், அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டிய தனி உதவியும் நின்றுபோகும்.

அட்லாண்டா ஏதோ கெட்டவர்களின் கதை என்று தள்ளிவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அந்த வழியில் முதல் அடியை நானும் வைத்திருக்கிறேன். மாவட்ட அலுவலகத்துக்குப் போன இரண்டாம் ஆண்டு, மூன்றாம் வகுப்பு வாசிப்பு நிலை பற்றி வாரியத்துக்கு ஓர் அறிக்கை தயாரித்தேன். ஒரு பள்ளியின் எண்கள் மிகவும் மோசம். அந்தத் தலைமையாசிரியை என் தோழி, நல்ல உழைப்பாளி. அவர் பெயர் கெட வேண்டாம் என்று, பள்ளிவாரியான அட்டவணையை எடுத்துவிட்டு மாவட்டச் சராசரியை மட்டும் போட்டேன். எந்த எண்ணையும் மாற்றவில்லை. மறைத்தேன், அவ்வளவுதான். கண்காணிப்பாளர் கோப்பைப் புரட்டிவிட்டு, எந்தப் பள்ளியைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறீர்கள் என்று கேட்டார். கோபமே இல்லாத கேள்வி. சொன்னேன். அடுத்த வாரம் அந்தப் பள்ளிக்குப் போய் அரை நாள் வகுப்பறைகளில் உட்கார்ந்திருந்தார். அங்கே ஓராண்டாக வாசிப்புப் பயிற்றுநர் இடம் காலியாக இருந்தது அப்போதுதான் தெரியவந்தது. என் தோழி இருமுறை எழுதிக் கேட்டிருக்கிறார். கடிதம் இடையில் எங்கோ ஒரு மேசையில் தங்கிவிட்டது.

தலைமை என்றால் என்ன என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கேள்விதான் நினைவுக்கு வரும். மேடையில் அழகாகப் பேசும் கண்காணிப்பாளர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். இடித்துரைக்க வருபவருக்கும் புதிய யோசனையோடு வருபவருக்கும் கதவைத் திறந்து வைப்பவர் அரிது. செயின்ட் லூயிஸ் நகரில் 1870-களில் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் டோரி ஹாரிஸ் அப்படிப்பட்ட ஒருவர். எந்தப் பதவியிலும் இல்லாத சூசன் பிளோ என்ற பெண், சின்னப் பிள்ளைகள் விளையாடிக் கற்கும் வகுப்பைப் பொதுப் பள்ளியில் நடத்திக் காட்டுகிறேன் என்று முன்வந்தார். ஹாரிஸ் இடம் கொடுத்தார். 1873-இல் அந்த வகுப்பு தொடங்கியது. இன்று நம் பிள்ளைகள் ஐந்து வயதில் அரசுப் பள்ளிக் கிண்டர்கார்டனுக்குப் போவது அங்கிருந்து தொடரும் வழக்கம்.

பெற்றோரும் செய்தி மேலே போகும் வழிதான். ஆனால் நாம் பெரும்பாலும் காலம் கடந்து போகிறோம். பெரும்பாலான மாவட்டங்களில் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கும். அதற்கான பட்ஜெட் பேச்சு அதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே ஆரம்பித்துவிடும். எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர், எந்த பஸ் நிற்கும், இசை வகுப்பு இருக்குமா என்பதெல்லாம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை நெகிழ்ந்த களிமண்ணாக இருக்கும். மே மாதத்தில் அது சுட்ட செங்கல். அந்த நாற்பது பேரில் நான்கு பேர் பிப்ரவரியில் வந்திருந்தால் போதும், அந்த பஸ் நின்றிருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆறு தடச் சாலையைப் பற்றி முடிவெடுத்தவர்களுக்குத் தெரியாது. வரைபடத்தில் தொலைவை மட்டும் அளந்திருந்தார்கள்.

கூட்டத்தில் யாரும் பதில் சொல்லவில்லை என்பதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டு அதன் பிறகு வராமல் போன தமிழ்ப் பெற்றோர் பலர். அது அவமதிப்பு அல்ல, பெரும்பாலும் சட்டம். கலிபோர்னியாவில் 1953-இல் வந்த பிரௌன் சட்டத்தின்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னதாக வெளியிட வேண்டும். நிரலில் இல்லாத பொருளை வாரியம் அங்கே விவாதிக்கக் கூடாது. மற்ற மாநிலங்களிலும் இதைப் போன்ற சட்டங்கள் உண்டு. நீங்கள் பேசியது பதிவாகிறது. மறுநாள் காலை கண்காணிப்பாளர் அறையில் அதைப் பற்றித்தான் பேச்சு நடக்கும், நான் அங்கே இருந்திருக்கிறேன். பேசிவிட்டு, அதையே ஒரு பக்கக் கடிதமாக அலுவலகத்துக்கு அனுப்புங்கள். கோபத்தை விட விவரம் தொலைவு போகும். எந்தத் தெரு, எத்தனை மணி, எத்தனை பிள்ளைகள் என்று எழுதுங்கள். ஒரு பிள்ளையின் தனிச் சிக்கல் என்றால் ஆசிரியர், பிறகு தலைமையாசிரியர் என்று போவதுதான் முறை. பல பிள்ளைகளைத் தொடும் விஷயத்துக்குத்தான் கண்காணிப்பாளர்.

எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், நமக்கு ஏன் வம்பு என்று தயங்குகிறவர்களையும் பார்க்கிறேன். வாக்களிக்கத்தான் குடியுரிமை வேண்டும். அதிலும் சான்பிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்களிக்க 2016-இல் மக்கள் ஒப்புதல் அளித்தார்கள். கூட்டத்தில் எழுந்து பேச யாரும் விசாவைக் கேட்பதில்லை. டெக்சாஸ் மாநிலம் டைலர் நகரில், ஆவணம் இல்லாத பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்ட மாவட்டத்துக்கு எதிராகப் பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். கண்காணிப்பாளர் ஜேம்ஸ் பிளைலரின் பெயரிலேயே அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1982-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பு வந்தது. நம்மை விடப் பல மடங்கு அஞ்ச வேண்டிய நிலையில் இருந்த பெற்றோர்கள் அவர்கள்.

கடைசியாக, நாமே மறைத்துவிடும் ஒரு செய்தி. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் கேட்கும். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொண்டு, ஆங்கிலம் என்று எழுதுகிறோம். தமிழ் என்று எழுதினால் ஓர் ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். தேறிவிட்டால் அத்தோடு முடிந்தது. தேறாவிட்டால், பிள்ளைக்கு உதவி தேவை என்றுதானே பொருள்? அந்த உதவியும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஆண்டுத் தேர்வை மட்டும் எழுத வேண்டும்.

அந்தப் படிவங்களைக் கூட்டி வரும் அட்டவணை என் மேசை வழியாகத்தான் போகும். கோயில் விழாவுக்கும் பொங்கலுக்கும் அரங்கம் நிரம்பி வழியும் எங்கள் மாவட்டத்தில், தமிழ் என்ற வரிக்கு எதிரே 19 என்று இருந்தது. 19 பேருக்காக எந்தக் கண்காணிப்பாளரும் அறிவிப்பை மொழிபெயர்க்க மாட்டார். தமிழ்ப் பள்ளியில் படித்ததற்கு உயர்நிலைப் பள்ளி மதிப்பலகு (கிரெடிட்) தருவதைப் பற்றி யோசிக்கவும் மாட்டார். பஸ் கூட்டத்துக்குப் பிறகு வந்த கோடையில், தமிழ்ப் பள்ளி ஆண்டுவிழாவில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி இதை மட்டும் பேசினேன். அடுத்த அக்டோபரில் அதே வரியில் 163 என்று வந்தது. கண்காணிப்பாளர் அந்த எண்ணைப் பேனாவால் வட்டமிட்டு, மொழிபெயர்ப்பாளருக்கு எவ்வளவு செலவாகும் என்று ஓரத்தில் எழுதி என்னிடம் திருப்பி அனுப்பியிருந்தார்.