கதை களவு போகாது, கணக்குதான் போகும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தனியாகப் புத்தகம் போடும் எழுத்தாளர்களுக்கு வாசிப்புக் கூட்டம் ஒழுங்கு செய்து கொடுப்பதும், அச்சுக்குப் போகும் முன் கைப்பிரதியைத் திருத்துவதும் என் தொழில். இந்த மாதமும் ஒருவர் கடைசி நேரத்தில் பின்வாங்கிவிட்டார். புத்தகக் கடையில் இடம் பேசியாயிற்று. பக்கத்து ஊர்களான டோங்காட்டிலிருந்தும் வெருலத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் கிளம்பத் தயார். அவர் சொன்ன காரணம்: “ஐ.எஸ்.பி.என் இன்னும் வரவில்லை. அதற்குள் வாசித்தால் யாராவது கதையை எடுத்துக்கொள்வார்கள்.” அந்த எண்ணுக்கும் ‘பதிப்புரிமைப் பதிவு’க்கும் சேர்த்து ஒரு தரகரிடம் பல ஆயிரம் ராண்ட் கட்டியிருக்கிறார். இதே பேச்சை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பது?

ஐ.எஸ்.பி.என் என்பது புத்தகத்தின் அடையாள எண், அவ்வளவுதான். 13 இலக்கம். கடைக்காரர் ஆர்டர் போட, நூலகம் பட்டியலில் ஏற்ற, கல்லாவில் கருவி விலையைக் காட்ட அது உதவும். எழுத்தின் உரிமைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. எண் கொடுப்பவர்கள் உங்கள் புத்தகத்தில் ஒரு வரிகூடப் படித்துப் பார்ப்பதில்லை. எண் இல்லாத புத்தகத்துக்கும் முழு உரிமை உண்டு. அடுத்தவர் எழுத்தை அப்படியே எடுத்துப் போட்ட புத்தகத்திலும் எண் இருக்கலாம்.

உரிமை வருவது 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து. நீங்கள் சொந்தமாக எழுதியதைத் தாளிலோ கணினியிலோ பதித்த உடனே உரிமை உங்களுடையது. யாரிடமும் போய்ப் பதிய வேண்டியதில்லை. பதிய நினைத்தாலும் முடியாது: தென்னாப்பிரிக்காவில் பதிப்புரிமையைப் பதிவு செய்யும் ஏற்பாடு திரைப்படங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. நாவலுக்கும் கவிதைக்கும் ‘பதிவுச் சான்றிதழ்’ வாங்கித் தருகிறேன் என்பவர் இல்லாத ஒன்றை விற்கிறார். தயவுசெய்து கட்டாதீர்கள். எழுதியவர் வாழ்நாள் முழுக்கவும், இறந்த ஆண்டு முடிந்து 50 ஆண்டுகள் வரைக்கும் உரிமை நீடிக்கும். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை இருப்பதால் இந்தியாவிலும் மொரிஷியஸிலும்கூட உங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. கைப்பிரதியை உங்களுக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் பெட்டியில் பூட்டி வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது உரிமை எதையும் தராது. எப்போது எழுதினீர்கள் என்பதற்குச் சான்று வேண்டுமானால், கோப்பை உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பிவைத்தால் போதும்.

“கரு போய்விடுமே” என்று அடுத்து கேட்பார்கள். கருவுக்குச் சட்டத்தில் உரிமையே கிடையாது. டர்பன் மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் பிறந்த பையன், நிறவெறிச் சட்டத்தால் ஊரைக் காலிசெய்து இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்ட குடும்பம், கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடிந்தும் இந்தியாவுக்குத் திரும்பாத தாத்தா: இவை இந்த ஊரில் எத்தனையோ வீட்டின் கதை. பத்துப் பேர் எழுதலாம், எழுதவும் வேண்டும். உங்களுடையது நீங்கள் எழுதிய வாக்கியங்கள். பத்து நிமிடம் காதால் கேட்டுவிட்டு அவற்றை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வெளிவராத படைப்பையும் வாசிக்கலாம், தாராளமாக.

எண் வேண்டுமா, பிரிட்டோரியாவிலுள்ள தென்னாப்பிரிக்கத் தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. மின்னஞ்சலில் விண்ணப்பிக்கலாம். தமிழ்ப் பதிப்புக்கு ஒன்று, ஆங்கிலப் பதிப்புக்கு ஒன்று, மின்னூலுக்கு ஒன்று எனத் தனித்தனியாகக் கேளுங்கள். மாற்றமில்லாத மறு அச்சுக்குப் பழைய எண்ணே போதும். தரகர் வாங்கித் தரும்போது என்ன நடக்கிறது தெரியுமா? பல நேரம் பதிப்பாளர் என்ற இடத்தில் அவர் பெயர் ஏறிவிடுகிறது. அதன்பின் நூலகமோ கடையோ பிரதி கேட்டு அவருக்குத்தான் எழுதும். காசும் கொடுத்து முகவரியையும் இழக்கிறீர்கள். புத்தகம் வந்த 14 நாளுக்குள் 1997ஆம் ஆண்டின் சட்ட வைப்புச் சட்டப்படி பொதுவாக ஐந்து பிரதிகளை வைப்பு நூலகங்களுக்கு, அதாவது நாட்டில் வரும் புத்தகங்களைச் சட்டப்படி சேர்த்துவைக்கும் நூலகங்களுக்கு, அனுப்ப வேண்டும் என்பதையும் தரகர்கள் சொல்வதில்லை. 100 அச்சடித்தால் 95தான் விற்பனைக்கு என்று முதலிலேயே எண்ணிக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டிய இடங்களும் இருக்கின்றன. அங்கேதான் யாரும் பயப்படுவதில்லை.

ஆயா சொன்ன கதையை மனதிலிருந்து மேடையில் சொல்லப் போகிறீர்களா? முதலில் எழுதிவிடுங்கள். எங்கும் பதியாத வாய்ச்சொல்லுக்குப் பதிப்புரிமை கிடையாது. யாராவது நீங்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்தால், அந்தப் பதிவின் உரிமை பதிவுக்கு ஏற்பாடு செய்தவருக்குப் போகும். “படம் பிடிக்கிறீர்களா, எங்கே போடுவீர்கள், முழுவதுமா இரண்டு நிமிடமா” என்று கடைக்காரரிடம் முன்னாடியே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். தங்கை மகள் ஆசையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தாள் என்றால் அந்த மொழிபெயர்ப்பு அவளுடையது. அச்சிடவும் வாசிக்கவும் அனுமதி வாங்குங்கள். உரிமையையே உங்களுக்கு மாற்றித் தருவதானால் அவள் கையெழுத்திட்ட தாள் இருக்க வேண்டும், வாய்வார்த்தை செல்லாது. அட்டைப் படம் வரைந்தவர் விஷயத்திலும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். உயிரோடிருக்கும் ஒருவரைக் கதையில் இழுத்துவிட்டு, பெயரை மட்டும் மாற்றினால் தப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். தெருவையும் தொழிலையும் சொன்னாலே யாரென்று கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும். அவதூறு வழக்குக்கு அந்த அடையாளம் போதும்.

இனிக் கணக்கு. நிஜமாகவே காணாமல் போவது இதுதான்.

தனி எழுத்தாளரிடம் கடை பெரும்பாலும் காசு கொடுத்து வாங்காது. விற்றால் பணம், விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள் என்ற ஏற்பாடுதான். விலையில் கடை எடுத்துக்கொள்ளும் பங்கான கழிவு 40 சதவீதம் வரை போகும். அது அநியாயம் என்று சண்டை போட வேண்டாம், வாடகையும் ஆள் சம்பளமும் அதில்தான் வருகிறது. சண்டை போட வேண்டிய கேள்வி வேறு: கழிவை வாட் என்ற மதிப்புக் கூட்டு வரியோடு சேர்ந்த விலையில் பிடிக்கிறார்களா, வரியைக் கழித்துவிட்டா? புத்தகத்துக்கும் இங்கே 15 சதவீத வாட் உண்டு. அட்டை விலை 230 ராண்ட் என்று வையுங்கள். மொத்த விலையில் 40 சதவீதம் 92, உங்களுக்கு 138. வரியை முதலில் எடுத்தால் 200, அதில் கழிவு 80, உங்களுக்கு 120. அச்சுச் செலவு பிரதிக்கு 90 என்றால் மிச்சம் 48 ராண்ட் அல்லது 30 ராண்ட். விலையை அச்சடிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். அச்சடித்த பிறகு போட்டு அழுவதில் பயனில்லை.

கடையில் புத்தகத்தை இறக்கும்போது இரண்டு பிரதிகளில் ஒப்படைப்புச் சீட்டு. தலைப்பு, ஐ.எஸ்.பி.என், எத்தனை பிரதி, அட்டை விலை, கழிவு, எந்தத் தேதியில் பணம், எந்தத் தேதியில் மிச்சத்தைத் திருப்பித் தருவார்கள், கடையில் தொலைந்தால் அல்லது கெட்டால் யார் பொறுப்பு. வாங்கியவர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், முத்திரையும் இருந்தால் நல்லது. “தெரிந்த அங்கிள்தானே, எப்படிச் சீட்டுக் கேட்பது” என்று கூச்சப்படுகிறவர்கள்தான் ஆறு மாதம் கழித்து என்னிடம் வருகிறார்கள். அந்த அங்கிள் நேர்மையானவர்தான். ஆனால் புத்தகத்தை வாங்கி வைத்த பெண் வேலையை விட்டுப் போயிருப்பாள், பெட்டி பின்னறையில் வேறெதற்கோ அடியில் கிடக்கும்.

கூட்டம் நடக்கும் அன்று மேசையில் வைத்தது எத்தனை, கல்லாவில் விற்றது எத்தனை, இலவசமாகக் கொடுத்தது எத்தனை, மிச்சம் எத்தனை என்று அன்றிரவே கடையாளோடு சேர்ந்து எண்ணிச் சீட்டின் பின்புறத்தில் எழுதுங்கள். கடைக்குள் உங்கள் பையிலிருந்து தனியாக விற்காதீர்கள், அது கடைக்குச் செய்யும் துரோகம். நூலகத்திலோ கோவில் மண்டபத்திலோ நீங்களே விற்பதானால் வங்கி அட்டைக் கருவி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ரொக்கம் கொண்டுவருகிறவர்கள் குறைவு. 40 நாற்காலி என்றால் 20 பிரதி போதும், கார் டிக்கியில் இன்னொரு 10. கையெழுத்திடும்போது பெயரை மட்டும் போடுங்கள். விழாத் தேதியும் ஊரும் எழுதி அடுக்கிவைத்த பிரதியை அடுத்த மாதம் யாரும் வாங்குவதில்லை.

டர்பன் ஈரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்டைக்கு வெளிப்பக்கம் மட்டும் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பார்கள். உள்பக்கத் தாள் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து விரியும், வெளிப்பக்கம் விரியாது. இரண்டே வாரத்தில் அட்டை வெளிப்புறமாக வளைந்து திறந்துகொள்ளும், அப்புறம் மேசையில் படுக்காது. பெட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். பிரதிகளைப் படுக்கையாக, முதுகு மாற்றி மாற்றி அடுக்கி மேலே பாரம் ஏற்றுங்கள். அப்படியே, சமூசாத் தட்டைப் புத்தக மேசையிலிருந்து அறையின் மறுகோடிக்குத் தள்ளுங்கள். எண்ணெய் விரல் பட்ட பிரதியைக் கடை திருப்பித் தரும், நஷ்டம் உங்களுக்கு.

வாசிப்புக்கு வருகிறேன். பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கேள்வி பதில் 15 நிமிடம், மிச்ச நேரம் மக்கள் மேசைக்கு வரட்டும். சத்தமாக நிதானமாக வாசித்தால் தமிழில் நிமிடத்துக்கு 90 சொல், ஆங்கிலத்தில் 130 சொல் போகும். மனதுக்குள் படித்துப் பார்த்து நேரம் கணக்கிடுகிறவர்கள் எல்லோரும் இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறார்கள். வீட்டில் நின்றுகொண்டு, வாய்விட்டு, கடிகாரம் வைத்து மூன்று முறை. முதல் அத்தியாயம் வேண்டாம், அதில் பெரும்பாலும் வம்ச வரலாறுதான் இருக்கும். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஒரு காட்சியை எடுங்கள். முன்கதையை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் அந்தக் காட்சி சரிப்படாது.

கேட்க வருகிறவர்களை நினைத்துப் பாருங்கள். 1860இல் மெட்ராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் வந்து இறங்கியவர்களின் ஆறாவது தலைமுறை அங்கே உட்கார்ந்திருக்கும். கோவிலில் தேவாரம் பாடுவார்கள், தாத்தாவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் ஒரு பக்கத் தமிழ் உரைநடையைக் காதால் தொடர்வது பலருக்கு முடியாது. அதற்காகத் தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் தமிழில், அதாவது ஏறக்குறைய 180 சொல், ஓசை நன்றாக விழும் பகுதியாகப் பார்த்து வாசியுங்கள். அதன் ஆங்கிலத்தை ஒரு தாளில் அச்சடித்து முன்கூட்டியே நாற்காலிகளில் வைத்துவிடுங்கள். மீதி எட்டு நிமிடம் ஆங்கிலம். வரிக்கு வரி மாற்றி மாற்றி வாசிப்பதை மட்டும் நிறுத்துங்கள். இரண்டு மொழிக்காரர்களும் பாதி நேரம் காத்துக்கொண்டே இருப்பார்கள்.

தாள்: ஏ4, ஒரு பக்கம் மட்டும், 16 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, பக்க எண். பக்கத்தின் கடைசியில் வாக்கியம் முடிந்திருக்க வேண்டும். ஊக்கு அடிக்காதீர்கள், புரட்டும் சத்தம் மைக்கில் கேட்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அப்படியே அனுப்பிக் கடையில் அச்செடுத்துக்கொள்ளலாம் என்று வராதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். யூனிகோடுக்கு மாற்றி, பி.டி.எஃப் ஆக்கி, வீட்டிலேயே அச்செடுத்து இரண்டு பிரதி கொண்டுவாருங்கள். கைபேசியில் வாசிக்கிறேன் என்பவர்களுக்கு நடுவில் திரை அணையும், இல்லையென்றால் சித்தப்பா அழைப்பார். மைக் இருந்தால் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே ஓரமாக. 30 பேர் உள்ள சிறிய கடையில் மைக்கே வேண்டாம், குளிரூட்டியின் இரைச்சலை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள்.

டர்பனின் ஐக்ஸ் புத்தகக் கடைச் சுவரில் எழுத்தாளர்கள் போட்டிருக்கும் கையெழுத்துகளைப் பார்த்து ஆசைப்படாத ஆளில்லை. ஆசை நல்லதுதான், தேதியை மட்டும் பார்த்துக் கேளுங்கள். புனித வெள்ளியன்று இசிபிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோமிலும் மாரியம்மன் கோவிலில் கூட்டம் அலைமோதும். ஆடி மாதக் கஞ்சிப் பூசை ஞாயிறுகளில் உங்கள் வாசகர்கள் பானையோடு நிற்பார்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தன்று சாலையே மூடியிருக்கும். டிசம்பர் விற்பனைக்குப் பிரதி வைக்க அக்டோபரிலேயே பேசுங்கள். சீட்டில் குறித்த தேதி வந்ததும் கடைக்கு நேரில் போய் மிச்சத்தை எண்ணி, பணத்தையும் வளைந்த பிரதிகளையும் வாங்கிக்கொண்டு, தொடர்வதானால் புதுச் சீட்டு எழுதுங்கள். பழைய சீட்டில் அடித்துத் திருத்த வேண்டாம்.