பாஸிவ் வாய்ஸ்: செயப்பாட்டு வினை என்றால் போதும்

‘கடிதம் எழுதப்பட்டது’ என்பது போன்ற வினை வடிவத்தை ஆங்கில இலக்கணம் பாஸிவ் வாய்ஸ் என்கிறது. அதைச் ‘செயலற்ற குரல்’ என்று எழுதுவதை இன்னும் எத்தனை தடவைதான் பார்ப்பது? ஆங்கிலம் கற்றுத்தரும் செயலிகளில் இருக்கிறது, காணொளிகளில் இருக்கிறது. எழுத்தைத் திருத்தும் மென்பொருள்கூட ‘செயலற்ற குரலைத் தவிர்க்கவும்’ என்று அறிவுரை சொல்கிறது. இலக்கணம் தெரியாதவருக்கு இதில் ஒன்றும் புரியாது. தெரிந்தவரும் ஆங்கிலத்துக்குத் திருப்பிப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வாய்ஸ், லத்தீன் ‘வோக்ஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதற்குக் குரல் என்றும் பொருள், சொல் என்றும் பொருள். இலக்கணத்தில் வாய்ஸ் என்பது வினைச்சொல் எடுக்கும் வடிவத்தைக் குறிக்கிறது, தொண்டையிலிருந்து வரும் ஒலியை அல்ல. பாஸிவ், ‘பதி’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. அனுபவித்தல், ஒன்றுக்கு ஆட்படுதல் என்று பொருள். நோயால் அவதிப்படுபவரைச் சொல்லும் ‘பேஷன்ட்’டும் அதே வேர்தான்.

இப்போது தமிழ் இலக்கணம் இதற்கு வைத்திருக்கும் ‘செயப்பாட்டு வினை’ என்ற பெயரில் ‘செயப்பாட்டு’ என்பதைப் பாருங்கள். செய என்பதோடு பாடு சேர்ந்திருக்கிறது; பாடு, படு என்பதன் பெயர் வடிவம். அடிபடு, துன்பப்படு, அவதிப்படு என்று தினமும் நாம் சொல்லும் அதே படு. லத்தீன்காரர் ‘பதி’யில் வைத்த பொருளைத் தமிழ் தன் போக்கில் ‘படு’வில் வைத்திருக்கிறது. இது ஆங்கிலம் வந்த பிறகு முளைத்த வடிவமும் அல்ல. ‘வானுறையும் தெய்வத்துள் வைக்கப் படும்’ என்கிறது குறள். கட்டுண்டான், கொலையுண்டான் என்று ‘உண்’ சேர்த்துச் சொல்லும் வழக்கமும் உண்டு.

சரி, ‘செயலற்ற’ என்று சொன்னால் என்ன கெட்டுவிடும்? பொருளே கெடும். ‘அவன் தூங்கினான்’ என்பதில் செயல் என்று பெரிதாக எதுவும் இல்லை, ஆனால் அது செய்வினை, அதாவது ஆக்டிவ் வாய்ஸ். ‘திருடன் துரத்திப் பிடிக்கப்பட்டான்’ என்பதில் ஓட்டமும் பிடியும் நிறைய இருக்கின்றன, ஆனால் அது செயப்பாட்டு வினை. செயலற்ற என்ற சொல்லை நம்பிப் படிக்கும் மாணவர் இரண்டையும் மாற்றித்தான் எழுதுவார், அவர்மேல் தப்பில்லை. செயல் இருக்கிறதா இல்லையா என்பதல்ல இங்கே கேள்வி. எழுவாய் அந்தச் செயலைச் செய்கிறதா, அதற்கு ஆட்படுகிறதா என்பதுதான். செய், படு என்ற இரண்டு சொற்களும் இந்த வேறுபாட்டை அப்படியே காட்டிவிடுகின்றன.

செய்வினை என்றால் மாந்திரீகம் நினைவுக்கு வருகிறதே என்பார்கள். வரட்டும். இலக்கண வகுப்பில் யாரும் அதை நினைத்துக் குழம்புவதில்லை. மாத்திரை என்றதும் மருந்து நினைவுக்கு வருகிறது, அதற்காக எழுத்தின் ஒலி அளவுக்கு வேறு பெயர் தேடினோமா?

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ‘கதவு திறந்தது’, ‘கதவு திறக்கப்பட்டது’ இரண்டும் ஒன்றல்ல. ஆங்கிலத்திலும் அப்படித்தான்: ‘த டோர் ஓபன்ட்’ பாஸிவ் இல்லை, ‘த டோர் வாஸ் ஓபன்ட்’தான் பாஸிவ். செயப்படுபொருளைச் செய்தது போலச் சொல்வதும் வழக்குதான் என்று தொல்காப்பியமே தனியாகச் சொல்லியிருக்கிறது. ‘திண்ணை மெழுகிற்று’ என்பது உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம்; யாரோ மெழுகிய திண்ணையை, அதுவே மெழுகியது போலச் சொல்வது. இத்தனை கூர்மையாகப் பிரித்துப் பார்த்த இலக்கணம் கையில் இருக்கும்போது, அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொற்களை ஒட்டவைத்துப் புதுப்பெயர் செய்வது சோம்பேறித்தனம். கோபமாகத்தான் சொல்கிறேன்.

பெயரில் நடந்த இதே கோளாறு வாக்கியத்திலும் நடக்கிறது. ஆங்கிலத்தில் பாஸிவ் வந்தால் தமிழிலும் ‘பட்டது’ வந்தே தீரவேண்டும் என்று மொழிபெயர்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ‘உங்கள் விண்ணப்பம் எங்களால் பெறப்பட்டுள்ளது’ என்று எழுதுகிறார்கள். ‘உங்கள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது’ என்றால் முடிந்துவிடும். ‘ஐ வாஸ் டோல்ட்’ என்பதை ‘நான் சொல்லப்பட்டேன்’ என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். ‘என்னிடம் சொன்னார்கள்’ என்பதுதானே தமிழ்? யார் சொன்னார்கள் என்று காட்டாமல் விடத்தான் ஆங்கிலம் அங்கே பாஸிவைப் போடுகிறது. தமிழில் ‘சொன்னார்கள்’ என்ற பலர்பால் முற்றே, அதாவது பலரைக் குறிக்கும் வினைமுற்றே, அந்த வேலையைச் செய்துவிடும், எழுவாய்கூட வேண்டாம். ‘ஐ வாஸ் பார்ன்’ வடிவத்தில் பாஸிவ்தான். ஆனாலும் அதை எல்லோரும் ‘பிறந்தேன்’ என்றுதான் எழுதுகிறார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் வேலை செய்யும் காது மற்ற வாக்கியங்களிலும் வேலை செய்யட்டும்.