மறுதலித்தல்: பேதுரு செய்ததும் எபிரெயர் 6 சொல்வதும் ஒன்றா?

ஒரு சகோதரி தன் பைபிளைத் திறந்து என் முன்னால் வைத்தார். எபிரெயர் 6-ம் அதிகாரம். ஆறாம் வசனத்தில் ‘மறுதலித்துப்போனவர்கள்’ என்ற சொல்லின்கீழ் அழுத்தமாகப் பேனாக்கோடு. பின்பக்கத்துத் தாளிலும் அந்தக் கோடு புடைத்துக்கொண்டு தெரிந்தது. அப்படிப்பட்டவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாதகாரியம் என்கிற வசனம் அது. சில வருடங்களுக்கு முன் வீட்டாரின் நெருக்கடிக்குப் பயந்து, “எனக்கும் இயேசுவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை” என்று பலர் முன்னால் சொல்லிவிட்டாராம். “அண்ணா, நானும் மறுதலிச்சவதானே? அப்போ எனக்கு இனிமே இரட்சிப்பே கிடையாதா?” என்று கேட்டார்.

விசுவாசி இரட்சிப்பை இழக்க முடியுமா என்ற பெரிய கேள்விக்குள் போவதற்கு முன், அவருக்கு இந்த ஒரு சொல்லைத்தான் விளக்க வேண்டியிருந்தது. அவருடைய பயத்தில் பாதி அந்தச் சொல்லிலிருந்துதான் வந்தது.

மறுதலித்தல் நல்ல தமிழ்ச் சொல். ‘மறு’ என்ற வினைக்கு ஏற்க மாட்டேன் என்று சொல்வது பொருள். மறுப்பும் அந்தக் குடும்பம். ‘மறுதலை’ என்றால் எதிர்ப்பக்கம், நேர்மாறானது. கணிதப் பாடத்தில் ‘தேற்றத்தின் மறுதலை’ என்று படித்திருப்போமே, அதே சொல்தான். ஆக, மறுதலித்தல் என்பது ஒன்றை இல்லை என்று சொல்லி அதற்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பது. அன்றாடப் பேச்சில் இன்று அதிகம் கேட்பதில்லை. சபைகளிலோ பிரசங்கத்திலும் பாட்டிலும் ஜெபத்திலும் உயிரோடு இருக்கிறது. அதற்குக் காரணம் பேதுரு, இயேசு பிடிபட்ட இரவில் அவரைத் தெரியாது என்று மூன்றுமுறை சொன்ன சீடன்.

“சேவல் கூவுகிறதற்கு முன்னே நீ என்னை மூன்றுதரம் மறுதலிப்பாய்” என்று மத்தேயு 26-ல் இயேசு சொல்கிறார். இங்கே புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் இருக்கும் வினை ‘அபார்நேயோமாய்’. அதன் எளிய வடிவம் ‘அர்நேயோமாய்’. தெரியாது என்பது, எனக்கும் அவனுக்கும் உறவில்லை என்பது: இவைதான் அதன் பொருள். வாயால் செய்கிற செயல் அது. யாரை மறுதலித்தான் என்று கேட்டால் உடனே பதில் சொல்ல முடியும், ஏனென்றால் ‘என்னை’ என்று செயப்படுபொருள் அங்கேயே நிற்கிறது.

எபிரெயர் 6:6-ல் இருப்பது வேறு கிரேக்கச் சொல்: ‘பாராபிப்டோ’. ‘பிப்டோ’ என்றால் விழு, ‘பாரா’ என்றால் பக்கத்தில், விலகி. வழியில் போய்க்கொண்டிருந்தவன் வழியை விட்டு ஓரமாய் விழுவது என்று வைத்துக்கொள்ளலாம். புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் வருவது இந்த ஒரே இடத்தில்தான். பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் எசேக்கியேல் புத்தகத்தில் சில இடங்களில் வருகிறது. நம் பைபிள் அங்கே பெரும்பாலும் ‘துரோகம்பண்ணுதல்’ என்கிறது. ஒரு ஜனம் தன் தேவனுக்கு வருஷக்கணக்காகச் செய்துகொண்டே இருந்த துரோகம் அது. குளிர்காய நின்ற இடத்தில் ஒரு வேலைக்காரிக்குப் பயந்து வாயிலிருந்து வந்துவிட்ட பொய்க்கு எசேக்கியேல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை.

ஆக, கிரேக்கத்தில் இரண்டு வினைகள், தமிழில் ஒரே வினை. தமிழ் வாசகர் எபிரெயர் 6-க்கு வரும்போது பேதுருவின் இரவையும் மனதில் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். பேதுரு செய்ததையேதான் ‘மறுபடியும் புதுப்பிக்கிறது கூடாதகாரியம்’ என்று அந்த வசனம் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார். அப்புறம் தூக்கம் வருமா?

ஆனால் நம் பழைய மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் இரண்டையும் ஒரேமாதிரி எழுதவில்லை. பேதுருவுக்கு ‘மறுதலித்தான்’. எபிரெயரில் ‘மறுதலித்துப்போனவர்கள்’. அந்தப் ‘போ’வைக் கொஞ்சம் கவனியுங்கள். கெட்டுப்போதல், உடைந்துபோதல், செத்துப்போதல் என்று சொல்லும்போது ‘போ’ என்ன வேலை செய்கிறதோ அதே வேலையைத்தான் இங்கேயும் செய்கிறது. ஒரு செயலை ஒரு நிலையாக மாற்றிவிடுகிறது. ‘மறுதலித்தான்’ என்றால் ஒரு செயலைச் செய்தான், அவ்வளவுதான். ‘மறுதலித்துப்போனான்’ என்றால் அவனே அப்படி ஆகிவிட்டான். இன்னொன்றும் உண்டு: எபிரெயர் வசனத்தில் செயப்படுபொருளே இல்லை. யாரை மறுதலித்தார்கள் என்று அது சொல்லவில்லை. மூலத்தில் இருப்பது ‘விழு’ என்கிற வினை; விழுதலுக்குச் செயப்படுபொருள் கிடையாது. வேகமாக வாசிக்கிற கண்ணுக்கு இந்த ஓரெழுத்துத் துணைவினை தப்பிவிடுகிறது.

வசனத்தின் பிற்பகுதியையும் பாருங்கள்: ‘தேவனுடைய குமாரனைத் தாங்களே மறுபடியும் சிலுவையில் அறைந்து அவமானப்படுத்துகிறபடியால்’. ‘அவமானப்படுத்தினபடியால்’ என்று இல்லை. கிரேக்கத்திலும் இது தொடர்ந்து நடந்துகொண்டிருக்கிற செயலாகத்தான் வருகிறது. இயேசுவின் பெயரைக் கேட்டாலே கண் கலங்குகிற ஒருவரை இந்த வாக்கியத்துக்குள் எப்படிப் பொருத்துவது? எனக்குப் பொருத்தத் தெரியவில்லை.

தமிழில் ஓர் இழப்பும் உண்டு. “ஒருவன் என்னைப் பின்பற்றி வர விரும்பினால், அவன் தன்னைத்தான் வெறுத்து” என்று மத்தேயு 16:24-ல் வருகிறதே, அந்த ‘வெறுத்து’ மூலத்தில் அதே ‘அபார்நேயோமாய்’. பேதுருவைப் பற்றிச் சொன்ன அதே வினை! தன்னை மறுதலிக்க வேண்டியவன் ஆண்டவரை மறுதலித்தான் என்பது கிரேக்கத்தில் வாசிக்கிறவன் காதில் உடனே விழும். நமக்கு ஒரு பக்கம் ‘வெறுத்து’, இன்னொரு பக்கம் ‘மறுதலித்து’ என்று பிரிந்துவிட்டதால் அந்தத் தொடர்பு கேட்பதில்லை.

சரி, மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது: ‘அபோஸ்டாசியா’. விலகி நிற்பது, கலகம்செய்து பிரிந்துபோவது என்று பொருள். இதில் நிலைமை தலைகீழ். மூலத்தில் ஒரே வேர், தமிழில் பல சொற்கள். 2 தெசலோனிக்கேயர் 2:3-ல் ‘விசுவாச துரோகம்’. லூக்கா 8:13-ல், கற்பாறையில் விழுந்த விதை உவமையில், அதே வேரிலிருந்து வரும் வினை ‘பின்வாங்கிப்போகிறார்கள்’ என்று வருகிறது. 1 தீமோத்தேயு 4:1-ல் ‘விலகிப்போவார்கள்’. எபிரெயர் 3:12-ல் ‘விலகுவதற்கேதுவான’. பிரசங்கங்களில் கேட்கிற ‘பின்மாற்றம்’ என்ற சொல்லும் இந்த வட்டாரத்தில்தான் திரிகிறது. ஒரு மாதம் ஆராதனைக்கு வராதவரையும் பின்மாற்றக்காரர் என்கிறோம், விசுவாசத்தையே உதறியவரையும் அப்படியே அழைக்கிறோம். இது நியாயமில்லை. சோர்ந்துபோனவரையும் துரோகியையும் ஒரே பட்டியலில் சேர்க்கிற வழக்கம் அது.

எரேமியா 3:22-ஐ எபிரெயத்தில் பார்க்கும்போது எனக்கு எப்போதும் மனம் இளகிவிடும். “சீர்கெட்ட பிள்ளைகளே, திரும்புங்கள், உங்கள் சீர்கேடுகளைக் குணமாக்குவேன்” என்கிற அழைப்பு அது. மூலத்தில் ‘திரும்புங்கள்’, ‘சீர்கெட்ட’, ‘சீர்கேடுகள்’ ஆகிய மூன்றுமே ‘ஷூவ்’ என்ற ஒரே வேரிலிருந்து வருகின்றன. அதன் பொருள் திரும்பு. முகம் திருப்பிக்கொண்டு போனதற்கும் அதே வேர், திரும்பி வருவதற்கும் அதே வேர். தமிழிலும் இதைச் சொல்ல நமக்கு வழி இருக்கிறது: திரும்பிப் போனவர்களே, திரும்பி வாருங்கள்.

இந்தச் சொற்சண்டை வெறும் அகராதிச் சண்டை என்று நினைத்துவிடக் கூடாது. கி.பி. 250-ல் ரோமப் பேரரசன் தேசியஸ், எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டான். பலியிட்டவர்களுக்குச் சான்றுச்சீட்டு கொடுத்தார்கள். அப்படிப்பட்ட சீட்டுகள் நாற்பதுக்கும் மேலே எகிப்தில் பப்பைரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. பானபலி ஊற்றினேன், பலியிட்டேன், பலியை ருசிபார்த்தேன் என்பதுதான் அவற்றின் வழக்கமான வாசகம். அந்த ‘ருசிபார்த்தேன்’ கிரேக்கத்தில் எந்த வினையோ, அதே வினைதான் எபிரெயர் 6-ல் ‘பரம ஈவை ருசிபார்த்தும்’ என்று வருகிறது. எபிரெயர் நிருபத்தை அறிந்த ஒரு விசுவாசி அந்தச் சீட்டைக் கையில் வாங்கியபோது அவன் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்!

உயிருக்குப் பயந்து பலியிட்டவர்கள் உண்டு. பலியிடாமலே காசு கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களும் உண்டு. உபத்திரவம் தணிந்ததும் பலர் அழுதுகொண்டு சபைக்குத் திரும்பினார்கள். லத்தீனில் இவர்களை ‘லாப்சி’ என்றார்கள். சறுக்கி விழுந்தவர்கள், வழுவியவர்கள் என்று பொருள். ரோமில் நொவாசியன் என்ற மூப்பர், இவர்களைச் சேர்க்கவே கூடாது என்று தனியே பிரிந்தார். பின்னாளில் அவர் வழிவந்தவர்கள் தங்கள் பக்கத்துக்கு ஆதாரமாக எபிரெயர் 6-ஐக் காட்டினார்கள். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் சபையின் கண்காணியான (ஆயர்) சிப்ரியானும் 251-ல் கூடிய சங்கமும் வேறு வழியில் போனார்கள்: மனந்திரும்புதலைச் சோதித்து, நாள் எடுத்து, ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்த்துச் சேர்த்துக்கொள்வது. சீட்டு மட்டும் வாங்கியவனையும் பலியிட்டவனையும் அவர்கள் ஒன்றாக வைக்கவில்லை. சிப்ரியான் பின்பு, 258-ல், விசுவாசத்துக்காகவே தலை வெட்டுண்டு இறந்தார். உபத்திரவத்தின் விலை என்னவென்று தெரிந்த மனிதர் வழுவியவர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தார். இதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

அதற்குப் பிந்தைய தர்க்கங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். லூத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான 1530-ம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை, தன் 12-ம் பிரிவில் இரண்டு பக்கத்தையும் மறுத்தது: நீதிமானாக்கப்பட்டவர்கள் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்பவர்களையும், ஞானஸ்நானத்துக்குப் பின் விழுந்தவர்களுக்கு மன்னிப்பு மறுத்த நொவாசியர்களையும். கிருபையை இழக்கக் கூடும் என்று கத்தோலிக்கத் திருச்சபை திரெந்து சங்கத்தில் 1547-ல் உறுதியாகச் சொன்னது. 1610-ல் டச்சு இறையியலாளர் அர்மீனியஸின் வழிவந்தவர்கள் இந்தக் கேள்வியை இன்னும் ஆராய வேண்டும் என்று திறந்து வைத்தார்கள். 1618-19-ல் நெதர்லாந்தில் கூடிய, சீர்திருத்தச் சபைகளின் டோர்ட் சங்கம், தேவன் தெரிந்துகொண்டவர்களை அவரே கடைசிவரை காக்கிறார் என்று தீர்மானித்தது. ‘ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும் இரட்சிப்பு’ என்ற வாசகம் இந்தக் கடைசிக் கருத்தின் சுருக்கம் என்று நினைக்கிறார்கள், ஆனால் அது நல்ல சுருக்கம் அல்ல. டோர்ட் பேசியது எப்படியும் வாழலாம் என்ற அனுமதிச்சீட்டைப் பற்றி அல்ல, கடைசிவரை நிலைநிற்பதைப் பற்றி. அந்தக் கோட்பாட்டைத் தமிழில் சிலர் ‘பரிசுத்தவான்களின் விடாமுயற்சி’ என்று எழுதுகிறார்கள். விடாமுயற்சி என்றதும் மனித உழைப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. தேவன் காக்கிறார் என்று சொல்ல வந்த கோட்பாட்டுக்கு இது நேர் எதிரான பெயர். மத்தேயு 24:13-ல் ‘முடிவுபரியந்தம் நிலைநிற்பவனே’ என்று நம் பைபிளிலேயே சொல் இருக்கிறது. ‘நிலைநிற்பு’ என்றே சொல்லலாம்.

‘இரட்சிப்பை இழத்தல்’ என்ற வழக்கும் எனக்கு உறுத்துகிறது. இழத்தல் என்றால் கைதவறி விழுந்து தொலைந்துபோகிற பொருளும் அதில் அடங்கும், நமக்குத் தெரியாமலே போய்விடுவதும் அடங்கும். எச்சரிக்கை வசனங்களில் வருகிற வினைகள் அப்படிப்பட்டவை அல்ல. விலகு, பின்வாங்கு, மறுதலி என்று எல்லாமே ஆள் தெரிந்து செய்கிறவை. இரட்சிப்பை இழக்கக் கூடும் என்று நம்புகிற சபையாரும், உண்மையான விசுவாசி அப்படிச் செய்ய மாட்டான் என்று நம்புகிற சபையாரும் இதில் ஒத்துப்போகலாம்: தவறி விழுகிற காசு போல யாருடைய இரட்சிப்பும் தொலைவதில்லை.

அப்படியானால் எந்தச் சொல்லை எதற்கு வைத்துக்கொள்வது? பேதுரு செய்ததற்கு ‘மறுதலித்தல்’ இருக்கட்டும். அது அவனுக்கே உரிய சொல் ஆகிவிட்டது, புதிதாகக் கேட்பவருக்கு ‘தெரியாது என்று சொல்லிவிடுதல்’ என்று விளக்கினால் போதும். எபிரெயர் 6-ல் உள்ளதற்கு ‘வழுவிப்போதல்’ என்பது மூலத்துக்கு நெருக்கம். வழுவுதலில் விழுதலும் உண்டு, வழி விலகுதலும் உண்டு. யூதாவின் நிருபம் ‘வழுவாதபடி உங்களைக் காக்கவும்’ வல்லவரைப் பற்றிப் பேசுவதால் எச்சரிக்கையும் ஆறுதலும் ஒரே சொல்லில் சந்தித்துக்கொள்ளும். ‘விசுவாச துரோக’த்துக்கு என்ன சொல்வது? ‘துறத்தல்’ என்று சொல்லலாமா என்று யோசித்தேன். தமிழில் துறவு உயர்ந்த சொல், கடவுளுக்காக உலகை விடுவது. அதை இங்கே கொண்டுவர எனக்கு மனமில்லை. ‘நம்பிக்கையைக் கைவிடல்’ என்பதே சரியாகப் படுகிறது. ‘உன்னைக் கைவிடுவதுமில்லை’ என்று எபிரெயர் 13:5 சொல்கிறது. மனிதன் செய்யக்கூடியதும் தேவன் செய்யமாட்டேன் என்பதும் ஒரே வினையாக வந்து நிற்கும்.

இதையெல்லாம் அந்தச் சகோதரியிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. யோவான் நற்செய்தியைத் திருப்பச் சொன்னேன். 18:18-ல் கரிநெருப்பு, அதன் பக்கத்தில்தான் பேதுரு மறுதலித்தான். 21:9-ல் மறுபடியும் கரிநெருப்பு. உயிர்த்தெழுந்த இயேசு கரையில் மூட்டியது. கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அது இல்லை. அந்த இரண்டாம் நெருப்பின் பக்கத்தில் மூன்றுமுறை மறுதலித்தவனிடம் மூன்றுமுறை கேள்வி: “என்னை நேசிக்கிறாயா?”

அவர் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எபிரெயர் 6-க்குத் திரும்பி, கோடிட்ட சொல்லில் ‘போனவர்கள்’ என்பதை மட்டும் பென்சிலால் வட்டமிட்டார். ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘யோவா. 21’ என்று எழுதிக்கொண்டார்.